ஏழுமலையானுக்கும் ஓர் ஏகாந்தம்

புரட்டாசி மாதத்தில் திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்குச் சென்றவர்கள் அந்தச் சாலையில் மஞ்சள் உடை அணிந்த பாத யாத்திரை அன்பர்களைப் பார்த்திருப்பார்கள். தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் வட்டாரம் அது. வடமாலபேட்டையைத் தொட்டுவிட்டால் திருப்பதி கிட்டிவிட்டது என்ற தெம்பு வந்துவிடும். ஊரிலிருந்து கூட்டமாகப் புறப்பட்டவர்கள்தான். ஆனால் இவ்வளவு தூரம் நடந்த பிறகு ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடைவெளி விழுந்துவிடுகிறது. பேச்சும் அடங்கிவிடுகிறது. அவரவர் கால் வலியோடும் வேண்டுதலோடும் அவரவர் தனியே நடக்கிறார்கள். யாத்திரையின் பலனில் பாதி அந்தத் தனி நடையிலேயே கிடைத்துவிடுகிறது எனலாம்.

அவர்கள் காணப் போகும் வேங்கடவனை நாள்தோறும் சராசரியாக 60,000 பேருக்கு மேல் தரிசிக்கிறார்கள். அத்தனை பேருக்கும் காட்சி தந்த பிறகு, இரவில் கடைசியாக நடக்கும் வழிபாட்டுக்கு என்ன பெயர் தெரியுமா? ஏகாந்த சேவை. போக சீனிவாச மூர்த்தியைத் தொட்டிலில் துயில வைத்து, அன்னமாச்சாரியார் வம்சத்தார் தாலாட்டுப் பாட, சன்னதியை மூடுகிறார்கள். உலகம் முழுவதும் தேடி வரும் தெய்வத்துக்கும் சிறிது நேரமாவது தனித்திருக்க வேண்டும் என்று நம் முன்னோர் எண்ணியிருக்கிறார்கள். அப்படியானால் மனிதர்களுக்கு?

அந்த ஏகாந்த சேவையில் காட்டப்படும் முத்து ஆரத்தி ஒரு பெண்மணியின் பெயரோடு இணைந்தது. அவர் தரிகொண்ட வெங்கமாம்பா (1730-1817). பழைய சித்தூர் மாவட்டத்தின் தரிகொண்ட கிராமத்தில் பிறந்தவர். சிறு வயதில் மணமாகி, இளமையிலேயே கணவரை இழந்தார். அந்தக் காலத்து வழக்கப்படி மூலையில் உட்கார வேண்டியவர். அவரோ வேங்கடவனே தன் கணவன் என்று சொல்லிக் கைம்பெண் கோலம் ஏற்க மறுத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. பின்னர் திருமலைக்கு வந்தார். அங்கும் மனத்துக்கு அமைதி கிட்டாமல், காட்டுக்குள் இருக்கும் தும்புரு கோனைக்குச் சென்று சில ஆண்டுகள் தனித்துத் தவம் செய்தார் என்பார்கள்.

ஊர் அவர்மேல் சுமத்தப் பார்த்தது தனிமை. அவர் தாமே தேடிக்கொண்டது ஏகாந்தம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல்தான் தெரியும். ஒன்று ஆளை ஒடுக்கும். மற்றொன்று ஆளை வளர்க்கும். கோனையிலிருந்து அவர் மீண்டும் மனிதர்களிடம் திரும்பி வந்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். வேங்கடாசல மாகாத்மியம் முதலிய பல நூல்களைத் தெலுங்கில் இயற்றினார். யாத்திரிகர்களுக்கு அன்னதானமும் செய்தார் என்பர். 2011-இல் திருமலையில் திறக்கப்பட்ட பெரிய அன்னப்பிரசாதக் கூடம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. தனித்திருக்கப் போன ஒருவரின் பெயரில் இன்று ஆயிரக்கணக்கானோர் பந்தியில் அமர்ந்து உண்கிறார்கள்!

அதே பழைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்தவர் தத்துவ ஞானி ஜே. கிருஷ்ணமூர்த்தி. தனித்திருப்பதும் தனிமையில் வாடுவதும் வெவ்வேறு என்பதைத் தம் உரைகளில் பலமுறை எடுத்துரைத்தவர். மதனப்பள்ளிக்கு அருகே அவர் உருவாக்கிய ரிஷி வேலி பள்ளியில் 'அஸ்தாசல்' என்றொரு வழக்கம் உண்டு. மாலையில் மாணவர்கள் ஒன்றாகக் கூடி, ஒருவரோடொருவர் பேசாமல், சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். குழந்தைகளால் சும்மா இருக்க முடியாது என்று நினைக்கும் நமக்கு இது ஒரு பாடம்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். ஊரை விட்டு வந்த நமக்குத் தனிமை என்றாலே ஒரு பயம். அதனால்தான் சங்கம், பஜனை, தமிழ் வகுப்பு, பிறந்தநாள் விருந்து என்று வார இறுதி முழுவதையும் நிரப்பிக்கொள்கிறோம். அதில் தவறில்லை. மிச்சம் இருக்கும் நேரத்தையும் கைப்பேசி எடுத்துக்கொள்கிறது. பிள்ளை ஜன்னல் ஓரம் பேசாமல் உட்கார்ந்தால், "என்னடா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிடுகிறோம். இல்லத்தரசியின் நிலை இன்னும் மோசம். காலை காபி முதல் இரவு பாத்திரம் கழுவுவது வரை அவருக்கென்று கால் மணி நேரம்கூட இருப்பதில்லை. இதற்கு நேர்மாறாக, ஊரிலிருந்து அழைத்து வந்த அப்பாவும் அம்மாவும் பகல் முழுவதும் பூட்டிய வீட்டில் தொலைக்காட்சியோடு இருக்கிறார்கள். ஒருவருக்குக் கிடைக்காதது மற்றவருக்கு அளவு மீறிக் கிடைக்கிறது.

இதைச் சரிசெய்யப் பெரிய தவம் எதுவும் தேவையில்லை. வீட்டுக்கு ஒரு மூலையும் ஆளுக்கு அரை மணி நேரமும் போதும். அந்த நேரத்தில் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம். அம்மா மொட்டை மாடிக்குப் போனால், அடுப்பை அப்பா பார்த்துக்கொள்ளட்டும். பெரியவர்களுக்கோ இதற்கு எதிரான மருந்து வேண்டும்: தினமும் ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்து பேச ஒரு துணை. கதவைச் சாத்திக்கொண்டு சாப்பாடும் பேச்சும் குறைந்து போகும் பிள்ளையை மட்டும் 'ஏகாந்தம்' என்று விட்டுவிடக் கூடாது. அது அருகில் போய் அமர வேண்டிய வேளை.

தனித்திருந்து எழுந்து வரும்போது முகம் தெளிந்து, வீட்டாரிடம் பேச மனம் விரும்பினால் அது ஏகாந்தம். மனம் இன்னும் சுருங்கினால் அது தனிமை. இந்த வேறுபாட்டை அறிந்து, முதலாவதை ஒருவருக்கொருவர் கொடுப்போம். இரண்டாவதிலிருந்து ஒருவரையொருவர் காப்போம்.