பசியும் பருமனும்

வலீமா விருந்தில் பருத்த உடலினர் ஒருவர் மறுசோறு கேட்டுவிட்டால், பந்தியில் நமட்டுச் சிரிப்பு எழுகின்றது. அனந்தபுரம், செஞ்சி முதலாய நம் ஊர்களும் இதற்கு விலக்கல்ல. நஃப்ஸை அடக்கத் தெரியாதவர் என்று தீர்ப்பும் கூறிவிடுகிறோம். வயிற்றில் மூன்றிலொரு பங்கையே உணவுக்கு ஒதுக்கும் நபிமொழியை அவருக்கு எடுத்தோதுவோரும் உளர். அது மெலிந்தவர்க்கும் சொல்லப்பட்டதன்றோ! பரிகாசத்தைத் திருமறையின் 49-ஆம் அத்தியாயம் விலக்கியிருக்கிறது. அத்தீர்ப்பு மருத்துவ முறையிலும் பிழையானதே.

நாம் உறங்கும்போதும் இதயமும் ஈரலும் மூளையும் தொழிற்படுகின்றன. ஓய்வில் இவ்வாறு செலவாகும் சக்தியே, பெரும்பாலோர்க்கு நாளின் மொத்தச் செலவில் பாதிக்கு மேற்பட்டதாகும். பருத்தவர்க்கு இச்செலவு குறைவு என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. கொழுப்போடு தசையும் பெருகியிருப்பதால், ஓய்விலும் அவர்க்கு அதிகமாகவே செலவாகிறது. செலவு மிகுந்தால் உணவுத் தேவையும் மிகும். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்து ஜான் பிளண்டல் குழுவினரின் ஆய்வுகளில், உண்ணும் அளவு கொழுப்பின் எடையோடு பொருந்தவில்லை. கொழுப்பல்லாத உடற்பகுதியோடும் ஓய்வுநிலைச் செலவோடுமே பொருந்திற்று.

பசியைத் தணிக்கக் கொழுப்புத் திசுவே ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. 1994-ல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் கண்டறிந்த லெப்டின் அது. அது பிறவியிலேயே சுரக்காத இரு பிள்ளைகளைக் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் 1997-ல் அடையாளம் கண்டனர். இரத்த உறவில் மணமுடித்த பாகிஸ்தானிய வழிக் குடும்பத்துப் பிள்ளைகள். எவ்வளவு உண்டும் பசி ஆறாதவர்கள். பின்னர் லெப்டினை ஊசி வழியே செலுத்தியதும் உண்ணும் அளவு வெகுவாகக் குறைந்தது. அறிவுரையால் ஆகாதது அது! ஆயினும் இக்குறை மிக அரிது. பருத்தவருள் பெரும்பாலோர் குருதியில் லெப்டின் நிறைந்தே இருக்கிறது. மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை.

இத்தகையோர் உணவைக் குறைத்து மெலிந்தால் லெப்டின் சரிகிறது. வயிற்றில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் ஏறுகிறது. ஓய்வுநிலைச் செலவோ, இழந்த எடைக்கு ஏற்ற அளவினும் கூடுதலாக இறங்குவதுண்டு. வரவைக் கூட்டச் சொல்லிப் பசி நெருக்க, செலவையும் உடல் சுருக்கிக்கொள்கிறது. பருத்த உடலினர் 50 பேரை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பத்து வாரம் கடும் பத்தியத்தில் வைத்து, முடிவை 2011-ல் வெளியிட்டனர். ஓராண்டு கழிந்தும் ஹார்மோன்கள் பழைய நிலைக்கு மீளவில்லை. பசியும் முன்னைவிட மிகுந்தே இருந்தது.

ரமழானில் குறையும் ஓரிரு கிலோ, நோன்பு முடிந்த சில வாரங்களில் பெரும்பாலும் திரும்பிவிடுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. பெருநாள் பிரியாணியின் மீது மட்டும் பழியைச் சுமத்துவதற்கில்லை.