சமாதானம் என்னும் திரை

தெருவிலே ஒருவனை ஒருவன் அடித்தால் அது குற்றம். அதே அடி வீட்டுக்குள் மனைவியின்மேல் விழுந்தால் அது ‘குடும்ப விஷயம்’. இந்த விசித்திர நியாயத்தை எவரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. ஆயினும், எழுதி வைத்த சட்டத்தைக் காட்டிலும் இதற்கே நம் ஊர்களில் வலிமை மிகுதியாக இருக்கக் காண்கிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களையே எடுத்துக்கொள்வோம். பட்டினத்திலே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். விரிகுடாவின் அக்கரையிலே மூதூர். 2009ஆம் ஆண்டிற் பாலம் திறக்கப்பட்டதன் பின் பட்டினத்தோடு நெருங்கிவிட்டது கிண்ணியா. மொழியும் சமயமும் வேறுபடலாம். ஆனால், அடிபட்ட பெண் பொலிஸ் நிலையத்தின் படியேறும்போது அவளுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் முதற் புத்திமதி ஒன்றேதான்: “பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பொறுத்துப்போ, அம்மா.” கணவன் அழைக்கப்படுகிறான், இனி அடிப்பதில்லை என்று எழுதிக் கையொப்பமிடுகிறான், இருவரும் ஒரே வண்டியில் வீடு திரும்புகின்றனர். அதிகாரிக்கு விவகாரம் முடிந்துவிட்டது. அவளுக்கோ அன்றிரவுதான் அது தொடங்குகிறது.

இவ்வாறு அனுப்பிவைக்கும் அதிகாரிகள் எல்லோரும் கல்நெஞ்சர் அல்லர். “அவனைச் சிறைக்கு அனுப்பிவிட்டால் அடுப்பு எரிவது எப்படி?” என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. கணவனைச் சிறையிலிடுவது அச்சட்டத்தின் முதல் நோக்கமன்று. பெண்ணைக் காப்பதே நோக்கம். நீதவான் நீதிமன்றம் பதினான்கு நாட்கள் வரை செல்லும் இடைக்காலக் கட்டளையையும், விசாரணையின் பின் பன்னிரண்டு மாதங்கள் வரை செல்லும் பாதுகாப்புக் கட்டளையையும் வழங்கலாம். வீட்டினுள் நுழையாதே என்று அவனைத் தடுக்கலாம். அவசரச் செலவுக்குப் பணம் கொடு என்றும் பணிக்கலாம். கட்டளையை மீறினாற்றான் ஓராண்டு வரை சிறையோ, பதினாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு.

அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்பதும் சட்டம். பட்டினத்திலே வாழ்க்கைப்பட்டு, உயிருக்கு அஞ்சி மூதூரிலுள்ள தாய்வீட்டுக்கு ஓடிவந்தவள், அவனிருக்கும் ஊருக்கே திரும்பிச் சென்று வழக்காட வேண்டுவதில்லை. இன்னுமொன்று: அவளுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரே விண்ணப்பம் செய்யலாம். ‘எங்கள் கையில் என்ன இருக்கிறது?’ என்று கைவிரிக்க, ஆகவே, இடமேயில்லை.

மத்தியஸ்த சபைகளை நான் குறைகூற வரவில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த அவை வேலித் தகராற்றையும் கடன் பிணக்கையும் தீர்த்துவைப்பது நல்ல பணியே. ஆனால், மத்தியஸ்தம் என்பது சமநிலையில் நிற்கும் இருவருக்கிடையே நிகழவேண்டியது. ஒருவர் கையோங்க, மற்றவர் தலைகுனிந்து நிற்கும் இடத்திலே பேரம் பேசினால், இணங்கிப்போவது எப்போதும் குனிந்த தலைதான்.

மொழியும் ஒரு தடை. தமிழ் அரசகரும மொழியாகி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. ஆயினும், தமிழிற் சொன்ன வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படும்போது, தன் துன்பம் எப்படிப் பதிவாகியது என்றறியாமலே அவள் கையொப்பமிடுகிறாள். வழக்கின் அத்திவாரமே அங்கு ஆட்டங்காண்கிறது.

இது ஏதோ சில வீடுகளின் கதையென்று எண்ணிவிட வேண்டாம். குடித்தொகை மதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின்படி, துணைவரோடு வாழ்ந்த பெண்களில் 20.4 சதவீதத்தினர் அத்துணைவரின் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் ஆளானவர்கள். ஐவருள் ஒருத்தி! அவர்களிற் பலர் எந்த அலுவலகப் படியும் ஏறியதில்லை.

ஏறி வருபவளுக்குச் செய்யவேண்டியவை அரியனவல்ல. பெண்கள், சிறுவர் பிரிவிலே அவள் மொழியறிந்த பெண் உத்தியோகத்தர் ஒருவர் இருக்கட்டும். முறைப்பாட்டை அவளுக்கு வாசித்துக் காட்டட்டும். மருத்துவரிடம் அனுப்பட்டும். பாதுகாப்புக் கட்டளை என ஒன்று உண்டு என்பதை, அவள் கேளாமலே சொல்லட்டும். பிரதேச செயலகத்துப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் அறிவிக்கட்டும். அதன்பிறகு, சமாதானமாகப் போவதா, வழக்குத் தொடுப்பதா என்று அவளே தீர்மானிக்கட்டும். அச்சமின்றி அவள் எடுக்கும் முடிவு எதுவாயினும், அதை மதிப்பதே அதிகாரிகளின் கடமை.