ராணுவம் யார் பொறுப்பில்? 1942-இல் தில்லியில் முறிந்த பேச்சு

புது தில்லி: மத்திய தில்லியில் இன்று டாக்டர் ராஜேந்திர பிரசாத் சாலை எனப்படுவது, 1942-இல் விக்டோரியா மகாராணி சாலை. அதன் 3-ஆம் எண் பங்களாவில்தான், பிரிட்டிஷ் போர் அமைச்சரவையின் தூதராக வந்த சர் ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ் இந்தியத் தலைவர்களை ஒருவர் பின் ஒருவராகச் சந்தித்தார். மார்ச் இறுதியில் தொடங்கிய பேச்சு ஏப்ரல் 11-இல் முறிந்தது. பாகிஸ்தான் கோரிக்கையே அதற்குக் காரணம் எனப் பலர் இன்று எண்ணுவதுண்டு. பேச்சின் போக்கைத் தொடர்ந்து பார்த்தால், அது சிக்கியது வேறிடத்தில் என்பது விளங்கும்: போர் நடக்கும்போது இந்தியாவின் படைகளுக்கு இந்தியர் ஒருவர் அமைச்சராக இருக்க முடியுமா?

இந்தக் கேள்விக்கு 1939 முதலே வயது உண்டு. அந்த ஆண்டு செப்டம்பர் 3-இல் வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர் எவரையும் கலந்தாலோசிக்காமல் நாட்டைப் போரில் இறக்கினார். சென்னையில் ராஜாஜி அமைச்சரவை உள்பட, மாகாணங்களின் காங்கிரஸ் அரசுகள் பதவி விலகின. அதன்பின் இரண்டு ஆண்டுகள் லண்டன் அசையவில்லை.

அசைத்தது ஜப்பான். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் கைதாயினர். மார்ச் 8-இல் ரங்கூன் வீழ்ந்தது. மூன்றே நாளில், மார்ச் 11-இல், கிரிப்ஸை இந்தியாவுக்கு அனுப்புவதாகச் சர்ச்சில் அறிவித்தார். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் நெருக்குதலும், துணைப் பிரதமர் அட்லியின் வற்புறுத்தலும் அதற்குப் பின்னணி. சர்ச்சிலுக்கு இதில் மனமில்லை என்பது அப்போதே ரகசியமன்று. அந்தமானில் ஜப்பானியர் இறங்கிய மார்ச் 23-ஐ ஒட்டியே கிரிப்ஸும் தில்லி வந்து சேர்ந்தார்.

அவர் கொணர்ந்த திட்டத்தின் பெரும்பகுதி எதிர்காலத்தைப் பற்றியது. போர் முடிந்தபின் டொமினியன் அந்தஸ்து. விரும்பினால் காமன்வெல்த்திலிருந்து விலகும் உரிமை. அரசமைப்பை வகுக்க ஒரு சபை. அதில் சமஸ்தானங்களின் பிரதிநிதிகளை மன்னர்களே நியமிப்பர். சேர விரும்பாத மாகாணம் ஒதுங்கியிருக்கலாம். இந்தக் கடைசி விதி காங்கிரஸுக்குக் கசந்தது. பாகிஸ்தான் வெளிப்படையாக ஏற்கப்படவில்லை என்பதால் முஸ்லிம் லீகுக்கும் அது போதவில்லை. தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் காப்பு இல்லை என்று அம்பேத்கரும் எம்.சி. ராஜாவும் கிரிப்ஸிடம் எடுத்துரைத்தனர். பெரியார் ஈ.வெ.ரா. உள்ளிட்ட நீதிக்கட்சிக் குழு திராவிட நாடு கோரிக்கையை முன்வைத்தது. சட்டமன்றத்தின் ஒப்புதலோ பொது வாக்கெடுப்போ இன்றிப் பிரிவினைக்கு வழியில்லை என்பது அவர்களுக்குக் கிடைத்த பதில்.

இவையெல்லாம் நாளைய கணக்கு. உடனடி ஏற்பாடு ஒன்றே ஒன்றுதான்: வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இந்தியர் இடம்பெறுவர், ஆனால் பாதுகாப்பு பிரிட்டிஷ் அரசின் கையிலேயே இருக்கும். எதிரி எல்லையை நெருங்கும் வேளையில் பாதுகாப்பு இல்லாத அரசு எதற்கு என்று காங்கிரஸ் தலைவர் மௌலானா ஆசாத்தும் நேருவும் கேட்டனர். போர்முனை நடவடிக்கைகள் தலைமைத் தளபதி வேவலிடம் இருப்பதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. அமைச்சர் இந்தியராக இருக்கவேண்டும், அவருக்கு மெய்யான பொறுப்பு வேண்டும் என்பதே வாதம்.

பதிலாக வந்த பட்டியல் வரலாற்றில் நகைப்புக்குரியதாகவே நிலைத்துவிட்டது. இந்தியப் பாதுகாப்பு உறுப்பினருக்கு ஒதுக்கப்பட்டவற்றில் சிப்பாய்களுக்கான கேன்டீன், ராணுவத்துக்கான எழுதுபொருள், அச்சு வேலை, பெட்ரோல், மக்கள் தொடர்பு ஆகியவை இருந்தன. ஏறத்தாழ இரண்டு லட்சம் பேருடன் போரைத் தொடங்கி, 1945-இல் 25 லட்சத்தை எட்டிய ஒரு படைக்கு இது!

ஏப்ரல் 3-இல் தில்லி வந்த ரூஸ்வெல்ட்டின் பிரதிநிதி கர்னல் லூயி ஜான்சன், இந்தச் சிக்கலை அவிழ்க்க முனைந்தார். இந்தியரிடம் பாதுகாப்புத் துறை, தளபதியிடம் போர்த்துறை என அதிகாரத்தைப் பிரித்துத் திருத்தங்கள் பரிமாறப்பட்டன. உடன்பாடு கைக்கெட்டும் தொலைவில் இருப்பதாகவே தோன்றியது. தம்மைத் தாண்டிப் பேரம் நடப்பதாக லின்லித்கோ லண்டனுக்குப் புகார் அனுப்பினார். சர்ச்சில் கடிவாளத்தை இழுத்தார். புதிய நிர்வாகக் குழு ஓர் அமைச்சரவை போல இயங்குமா, அதன் முடிவுக்கு வைஸ்ராய் கட்டுப்படுவாரா என்று ஆசாத் ஏப்ரல் 9-இல் நேரில் கேட்டபோது கிரிப்ஸால் உறுதியளிக்க இயலவில்லை. மறுநாள் காங்கிரஸின் மறுப்புக் கடிதம் சென்றது. ஏப்ரல் 12-இல் கிரிப்ஸ் புறப்பட்டார். பேச்சைத் தொடருமாறு ரூஸ்வெல்ட் அனுப்பிய தந்தி காலம் கடந்து வந்து சேர்ந்தது.

தில்லியில் சொற்களுக்காக வாதாடிய அதே நாள்களில் வங்காள விரிகுடா எரிந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 5-இல் கொழும்பும், 6-இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-இல் திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு இலக்காயின. ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. சென்னை நகரிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு இடம்பெயர்ந்தன.

அந்தப் பீதியைக் கண்ணால் கண்ட ராஜாஜி, கட்சியின் முடிவோடு ஒத்துப்போகவில்லை. ஏப்ரல் 23-இல் சென்னையின் காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர்களைக் கூட்டி, லீகின் பிரிவினை உரிமைக் கோரிக்கையை ஏற்று, தேசிய அரசு அமைக்கத் தீர்மானம் நிறைவேற்றினார். அலகாபாதில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி அதை 120-க்கு 15 என்ற வாக்குகளில் தள்ளியது. ஜூலையில் அவர் காங்கிரஸிலிருந்தே விலகினார்.

ஆகஸ்ட் 8-இல் பம்பாயில் "வெள்ளையனே வெளியேறு" தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடியுமுன் தலைவர்கள் கைதாயினர். ஆசாத்தும் நேருவும் படேலும் அகமதுநகர் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கிரிப்ஸ் மீண்டும் தில்லிக்கு வந்தது 1946-இல், அமைச்சரவைத் தூதுக்குழுவில் ஒருவராக. அந்த ஆண்டு செப்டம்பரில் அமைந்த இடைக்கால அரசில் பாதுகாப்புத் துறை சர்தார் பல்தேவ் சிங்கிடம் ஒப்படைக்கப்பட்டது.