சன்னலுக்கு வெளியே ஒரு காக்கை

மருத்துவமனையில் தங்கும் குழந்தைக்குப் பகற்பொழுது மிக நீண்டது. வருவோர் எல்லோரும் கேள்விகளோடு வருகின்றனர். வலிக்கிறதா, சாப்பிட்டாயா, உறங்கினாயா என்று கேட்கின்றனர். விடை சொல்வதே குழந்தையின் வேலையாகிவிடுகிறது. அந்தக் குழந்தை பிறருக்கு எடுத்துச் சொல்லவும் ஏதேனும் ஒன்று வேண்டாமா? சன்னலுக்கு வெளியே வந்து அமரும் பறவைகள் அதற்கு நல்ல வாய்ப்பைத் தருகின்றன.

பித்தப்பை அறுவை சிகிச்சை பெற்ற 46 நோயாளிகளின் பதிவேடுகளை ராஜர் உல்ரிச் என்னும் அமெரிக்க அறிஞர் ஒப்பிட்டு ஆராய்ந்தார். சன்னல் வழியே மரங்களைக் காண முடிந்தவர்கள், செங்கற்சுவரை மட்டும் கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. இம்முடிவுகள் 1984இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தன. மரங்களைக் கண்ட பெரியவர்களைப் பற்றிய ஆய்வு இது. ஆகவே, பறவை பார்ப்பது குழந்தையின் நோய்க்கு மருந்து என்று இதைக்கொண்டு கூறிவிட முடியாது. எனினும், சன்னலுக்கு வெளியே பார்வை செல்வதன் பயனை இது உணர்த்துகிறது.

முதல் நாளில் இரண்டு பறவைகள் போதும். காக்கையும் மைனாவும் எளிதில் காணக் கிடைப்பவை. பெயரை உடனே சொல்லிவிடாதீர்கள். "அதன் கால் என்ன நிறம்? கண்ணைச் சுற்றி என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். மைனாவின் மஞ்சள் நிறக் கால்களையும், கண்ணருகே உள்ள மஞ்சள் திட்டையும், பறக்கும்போது இறக்கையில் தெரியும் வெள்ளைப் பட்டையையும் குழந்தை தானே கண்டுபிடிக்கட்டும். அதன் பின்னர்ப் பெயரைச் சொன்னால் அது மனத்தில் நிற்கும்.

அடுத்து, ஒப்பிடக் கற்றுக்கொடுங்கள். புதிய பறவை சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். வீட்டுக் காக்கையின் கழுத்து சாம்பல் நிறமுடையது; அண்டங்காக்கை முழுவதும் கறுப்பு. ஆண் குயிலும் கறுப்புதான். ஆனால் அதன் கண்கள் சிவந்திருக்கும், வால் நீண்டிருக்கும். பெண் குயிலோ பழுப்பு நிற உடலில் வெண்புள்ளிகள் கொண்டது. குயில் தன் முட்டையைக் காக்கையின் கூட்டில் இடுகிறது என்ற செய்தியைக் கேட்கும் குழந்தை, பல கேள்விகளைத் தொடுக்கும். வானில் வட்டமிடும் பருந்துகளில், வால் நுனி பிளவுபட்டது கரும்பருந்து. வெண்ணிறத் தலையும் செம்பழுப்பு உடலும் கொண்டது செம்பருந்து.

குழந்தை தவறான பெயரைச் சொன்னால், "தவறு" என்று வெட்டிவிட வேண்டா. "மீண்டும் வந்தால் வாலைப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். பறவை இயலறிஞர் சாலிம் அலி சிறுவனாக இருந்தபோது, தொண்டையில் மஞ்சள் திட்டுள்ள ஒரு குருவியை இன்னதென்று அறியாமல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துச் சென்றார். அங்கிருந்த செயலாளர் மில்லர்டு பொறுமையோடு விளக்கி, பாடம் செய்யப்பட்ட பறவைகளையும் காட்டினார். சாலிம் அலியின் வாழ்நாள் ஈடுபாடு அங்கே தொடங்கியது.

படுக்கையிலிருந்து சன்னல் தெரியாவிட்டால் ஒலியைக் கொண்டு கற்கலாம். காலையில் கேட்ட குரல்களை ஒரு தாளில் குறித்து வையுங்கள். வீட்டிலிருக்கும் அண்ணனோ தங்கையோ அங்கே கண்ட பறவைகளைத் தொலைபேசியில் சொல்லட்டும். பிரிந்திருக்கும் பிள்ளைகளுக்கு நோயைத் தவிர வேறொரு பேச்சும் கிடைக்கும்.

சில எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. சன்னலோரம் தானியமோ சோறோ வைக்காதீர்கள். புறாக்களின் எச்சத்தால் நுரையீரல் நோய்கள் வரக்கூடும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு ஆபத்து மிகுதி. உதிர்ந்த இறகுகளைக் குழந்தை கையில் எடுக்க வேண்டா. மூடி வைக்கப்பட்ட சன்னலைச் செவிலியரிடம் கேளாமல் திறக்காதீர்கள். குழந்தை களைத்திருந்தால் அன்றைய பாடத்தை விட்டுவிடுங்கள்.

மருத்துவரோ செவிலியரோ அறைக்கு வரும்போது, அன்று கண்ட பறவையைப் பற்றிக் குழந்தை சொல்ல விரும்பினால் சொல்லவிடுங்கள். அவர்களில் பலருக்கும் பெண் குயிலை அடையாளம் தெரியாமல் இருக்கலாம். அதைக் கற்றுக்கொடுக்கும் நிமிடத்தில் உங்கள் குழந்தை ஆசிரியராகிறது.