தாயக்கட்டை சொல்லும் கணக்கு

தமிழ்நாட்டுத் திண்ணைகளுக்குத் தாய ஆட்டம் புதிதன்று. அரியலூர் மாவட்டத்து ஆலத்தியூர் போன்ற சிற்றூர்களிலும், தரையில் கட்டம் வரைந்து, பித்தளைக் கட்டைகளை உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்து உருட்டிவிடும் இவ்வாட்டத்தை அறியாத முதியோர் அரியர். கட்டை இல்லாத வீட்டில் சோழியும் புளியங்கொட்டையும் அதன் பணியைச் செய்யும். தாயம் விழுந்தாலன்றிக் காய் களத்தில் இறங்காது. ஆகவே, ஏழு முறை உருட்டியும் தாயம் காணாதவர், "இத்தனை முறை விழவில்லை, இனி விழுந்தே தீரும்" என்று தம்மைத் தேற்றிக்கொள்கிறார். இக்கூற்று மெய்தானா? இதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதினாறு வழிகள்

தாயக்கட்டை நீண்டது. அதன் நான்கு பக்கங்களில் ஒன்று வெறுமை. ஏனைய மூன்றிலும் முறையே 1, 2, 3 புள்ளிகள் இருக்கும். இரு கட்டைகளைச் சேர்த்து உருட்டும்போது, முதற்கட்டையின் ஒவ்வொரு பக்கத்தோடும் இரண்டாம் கட்டையின் நான்கு பக்கங்களும் இணையக்கூடும். எனவே நிகழக்கூடியவை 4 × 4 = 16 வழிகள். இத்தொகுதியையே கணித நூலார் கூறுவெளி என்பர். கட்டைகள் செம்மையாக வார்க்கப்பட்டிருப்பின் இப்பதினாறும் ஒத்த வாய்ப்புடையன.

இரண்டும் வெறுமையாக விழுந்தால் அதனைப் பன்னிரண்டு என எண்ணுவது வழக்கு. வழக்குகள் ஊருக்கு ஊர் சிறிது மாறலாம்; கணக்கின் முறை மாறாது. தாயம் என்னும் ஒன்று விழ இரு வழிகள் உள. முதற்கட்டை வெறுமையும் இரண்டாவது ஒன்றும் காட்டலாம். அன்றி முதலது ஒன்றும் இரண்டாவது வெறுமையும் காட்டலாம். இவ்வாறே இரண்டு விழ 3 வழி, மூன்று விழ 4 வழி, நான்கு விழ 3 வழி, ஐந்து விழ 2 வழி, ஆறும் பன்னிரண்டும் விழ ஒவ்வொரு வழி. கூட்டினால் 16 சரியாக வரும்.

ஆகவே தாயத்தின் நிகழ்தகவு 16இல் 2, அதாவது எட்டில் ஒரு பங்கு. மறுமுறை உருட்டும் உரிமை தருகின்ற 1, 5, 6, 12 ஆகியவற்றுக்கு 6 வழிகள் இருத்தலின், அவ்வுரிமையின் நிகழ்தகவு எட்டில் மூன்று பங்காகும். மூன்று ஏன் அடிக்கடி விழுகிறது, ஆறு ஏன் அருகி விழுகிறது என்பதும் இக்கணக்கால் விளங்கும்.

கட்டைக்கு நினைவில்லை

எட்டில் ஒரு பங்கு என்பதால் எட்டு முறை உருட்டினால் ஒரு தாயம் உறுதி என்று கொள்வோர் பலர். அது பிழை. ஒருமுறை தாயம் விழாமைக்கான நிகழ்தகவு எட்டில் ஏழு. தொடர்ந்து எட்டு முறையும் விழாமையை அறிய, எட்டில் ஏழை எட்டு முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.34. அஃதாவது, நூறு பேர் எட்டெட்டு முறை உருட்டினால், சராசரியாக முப்பத்து நால்வர் ஒரு தாயமும் காணாதிருப்பர்.

அந்த முப்பத்து நால்வர் ஒன்பதாம் முறை உருட்டும்போது அவர்தம் வாய்ப்புக் கூடுமா? கூடாது. அப்போதும் எட்டில் ஒரு பங்கே. முன்னர் விழுந்தவற்றைக் கட்டை நினைவில் வைப்பதில்லை. ஒவ்வோர் உருட்டலும் முன்னதைச் சாராதது. இதனையே சார்பிலா நிகழ்ச்சி என்கிறோம். "இனி விழுந்தே தீரும்" என்பது மனித மனத்தின் ஆசையேயன்றிக் கட்டையின் இயல்பன்று.

அறிவு வளர்ந்த வழி

பகடை மிகப் பழமையானது. கீழடி அகழாய்விலும் தந்தத்தாலான பகடைக்காய்கள் கிடைத்துள்ளன. நளன் கதையில், தான்றி மரத்தின் காய்களை நோக்கிய அளவிலேயே எண்ணிச் சொல்லும் மன்னன், அவ்வெண்ணும் கலையை நளனுக்குக் கற்பிக்கிறான். அதன் துணையால் நளன் இழந்த நாட்டை மீட்கிறான். சூதினை வெல்வது எண்ணறிவே என்ற கருத்தை அக்கதை நமக்கு உணர்த்துகிறது.

மேலைநாட்டில், மூன்று பகடைகளை உருட்டினால் 9ஐவிட 10 சற்று மிகுதியாக விழுவது ஏன் என்ற வினாவுக்குக் கலிலியோ விடை கண்டார். மொத்தம் 216 வழிகளில் 9க்கு 25 வழிகளும் 10க்கு 27 வழிகளும் உள்ளன என்று அவர் எண்ணிக் காட்டினார். 1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும், இடையில் நின்றுபோன ஆட்டத்தின் பந்தயப் பணத்தைப் பகிரும் முறை குறித்து எழுதிக்கொண்ட கடிதங்கள் நிகழ்தகவுக் கலைக்கு உறுதியான அடித்தளம் இட்டன.

பந்தயம் வைத்தால்?

திண்ணை விளையாட்டில் பணம் நுழைந்தால் நிலைமை வேறாகிறது. "பத்து ரூபாய் கட்டுங்கள், தாயம் விழுந்தால் எழுபது ரூபாய் தருகிறேன்" என்று ஒருவர் அழைப்பதாகக் கொள்வோம். பத்துக்கு எழுபது என்பது கேட்போர்க்கு இனிக்கும். ஆனால் 16 முறைக்கு நாம் கட்டுவது 160 ரூபாய். சராசரியாக இருமுறை வென்று பெறுவது 140 ரூபாய். நூறு முறை ஆடி 1000 ரூபாய் கட்டினால் 125 ரூபாய் சராசரியாக நம் கையைவிட்டுப் போகும். எண்பது ரூபாய் தந்தாலன்றி அது நேர்மையான பந்தயமாகாது. எண்பது தந்தால் அழைத்தவருக்கு ஆதாயமில்லை. எனவே பந்தயத்தைத் தொழிலாக நடத்துபவர் ஒருபோதும் எண்பது தரமாட்டார். இடையிடையே கிட்டும் வெற்றிகள் இவ்விழப்பை மறைத்துவிடுகின்றன.

திருக்குறளின் 94ஆம் அதிகாரம் சூதினையே பேசுகிறது. அதன் முதற்குறள், சூதில் பெறும் வெற்றியைத் தூண்டில் முள்ளை இரையென மீன் விழுங்குவதற்கு ஒப்பிடுகிறது. திருக்குர்ஆனும் அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனத்தில் மதுவோடு சூதினைச் சேர்த்து விலக்குகிறது. அறநூலும் மறைநூலும் விலக்கியதைக் கணக்கும் இழப்பென்றே காட்டுகிறது.

தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரிச் சீட்டு தடைசெய்யப்பட்டது. இணையவழியில் பணம் வைத்தாடும் ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆயினும் சட்டம் காவல் நிற்கக்கூடிய இடங்களுக்கு எல்லை உண்டு. கைப்பேசி ஒளிரும் நள்ளிரவில், "இழந்ததை அடுத்த ஆட்டத்தில் மீட்டுவிடலாம்" என்று எண்ணும் இளைஞனுக்கு அருகில் இருப்பது அவனுடைய அறிவு ஒன்றே. அப்போது எட்டில் ஒரு பங்கு என்ற கணக்கு அவன் நினைவுக்கு வருமாயின் ஒரு குடும்பம் பிழைக்கும்.

ஆக்கத்திற்கும் அதுவே

நிகழ்தகவின் பயன் ஆட்டத்தோடு முடிவதன்று. ஆலத்தியூரில் இயங்கும் சிமெண்ட் ஆலையை நாம் அறிவோம். சிமெண்டின் வலிமையை அறிய, சிமெண்டும் மணலும் கலந்த கலவையைச் சிறு கனசதுரங்களாக வார்த்து, 3, 7, 28 நாள்களில் அழுத்தி உடைத்துப் பார்ப்பர். ஒரே கட்டியை நம்பாமல் ஒவ்வொரு முறையும் மூன்று கட்டிகளின் சராசரியையே கொள்வர். ஏனெனில் ஒற்றைக் கட்டியின் விடை தற்செயலாக மிகலாம், குறையலாம். ஒருமுறை விழுந்ததைக் கொண்டு முடிவு கட்டலாகாது என்னும் தாயக்கட்டையின் பாடமே இங்கு வீடுகளைத் தாங்கி நிற்கிறது.

எனவே மாணவர்கள் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, பாட்டியாரின் தாயக்கட்டைகளை வாங்கி நூற்றறுபது முறை உருட்டிக் குறித்துப் பார்ப்பார்களாக. தாயம் இருபதையொட்டி விழக் காண்பர். இருபதினின்று சற்று விலகினாலும் வியப்பில்லை. அவ்விலகலும் நிகழ்தகவின் இயல்பே. பந்தயமின்றி ஆடினால் அது விளையாட்டு. எண்ணிப் பார்த்து ஆடினால் அதுவே கல்வி.