உப்புக்குத் தப்பிய டிரக்குகள்

அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக் ஒன்று விற்பனைக்கு வரும்போது, எஞ்சினின் பலத்துக்கும் ஓடிய மைல் கணக்கிற்கும் முன்னால் ஊர்ப்பெயர் வந்து நிற்கும். அரிசோனா வண்டி, நியூ மெக்ஸிகோவை விட்டு வெளியே போகாத வண்டி, கலிஃபோர்னியாவின் வறண்ட உட்பகுதியில் கிடந்த வண்டி என்று விற்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஒரே ஆலையில் அடுத்தடுத்துச் செய்த இரண்டு 1950 ஷெவர்லே 3100 டிரக்குகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஒஹாயோ பண்ணைக்குப் போனது, இன்னொன்று ஃபீனிக்ஸ் பக்கத்துப் பண்ணைக்கு. இன்று முதலாவதன் அடியில் விரலால் அழுத்தினால் தகரம் பொலபொலவென்று உதிர்ந்தால் ஆச்சரியமில்லை. இரண்டாவதுக்கு டயரும் பாட்டரியும் மாற்றி, கார்பரேட்டரைச் சுத்தம் செய்தால் கிளம்பிவிடக்கூடும். இரண்டின் விலைக்கும் நடுவே உள்ள இடைவெளி முழுக்க முழுக்க வேதியியல்.

இவற்றை யாரும் பாதுகாத்து வைப்பதற்காகச் செய்யவில்லை. 1925-இல் ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி வண்டியின் பின்னால் இரும்புப் பெட்டி பொருத்தி 281 டாலருக்கு விற்றபோதே இதன் தலையெழுத்து முடிவாகிவிட்டது: வைக்கோல், உரமூட்டை, வேலிக் கம்பி, கன்றுக்குட்டி. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஆலைகள் மறுபடியும் மக்களுக்கு வண்டி செய்யத் தொடங்கியதும், 1947 கோடையில் ஷெவர்லே புதிய டிரக் வரிசையை வெளியிட்டது. 1948 மாடலாக ஃபோர்டின் எஃப் வரிசை வந்தது. இன்று ஆசையாகத் தேடப்படும் உருண்டை முக டிரக்குகளில் பல இந்த இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவைதான். காரைத் துடைத்துத் துடைத்து வைத்தவர்கள்கூட டிரக்கைத் துடைக்கவில்லை. உழைத்துத் தேய்ந்து காயலான் கடைக்குப் போனவையே மிகுதி. அப்படிப் போகாமல் நின்றவற்றையும் விடாமல் துரத்தியது துரு.

துரு என்பது இரும்பு காற்றில் மெல்ல எரிவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மின்சாரம் ஓடும் வேலை. தகட்டின் ஓர் இடத்தில் இரும்பு அணு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாக நீரில் கரைகிறது. விட்ட எலக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவே ஓடி, நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனிடம் இன்னோர் இடத்தில் போய்ச் சேர்கின்றன. சுற்று முழுமையாக வேண்டுமானால் இரண்டு இடங்களுக்கும் நடுவே மின்னோட்டத்தைக் கடத்தும் ஈரம் வேண்டும். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த யூலிக் எவன்ஸ் 1920களில் இதை ஒரு துளியில் காட்டினார். நிறங்காட்டிகள் கலந்த உப்புநீரைச் சொட்டாக இரும்புத் தகட்டில் விட்டார். காற்று எளிதில் எட்டும் விளிம்பு இளஞ்சிவப்பானது, அங்கே ஆக்சிஜன் எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டிருந்தது. காற்று எட்டாத நடுப்பகுதி நீலமானது, அங்கேதான் இரும்பு கரைந்துகொண்டிருந்தது. ஆக்சிஜன் குறைவான இடமே அரிக்கப்படுகிறது என்பது முதலில் கேட்பவருக்குத் தலைகீழாகத் தோன்றும். ஆனால் பழைய டிரக் எங்கே ஓட்டையாகும் என்பதை இந்த ஒரு துளி சொல்லிவிடுகிறது. மட்கார்டின் உள்மடிப்பில் அப்பியிருக்கும் சேறு, கேபினின் கீழ் மூலைகளில் அடைந்த இலைச்சருகு, இரண்டு தகடுகளை வெல்டிங்கில் சேர்த்த மடிப்பு: காற்று புகாமல் ஈரம் மட்டும் தங்கும் இடங்கள் எல்லாம் எவன்ஸின் துளிக்கு நடுப்பகுதிகள்.

இத்துடன் உப்பு சேர்ந்தால் கதை வேகமெடுக்கிறது. உப்புக் கரைசல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதிலுள்ள குளோரைடு, இரும்பின் மேல் தானாக உருவாகும் மெல்லிய காப்புப் படலத்தையும் குலைக்கும். கடலோரத்தில் வீடு கட்டி ஜன்னல் கம்பி மாற்றியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடலே எட்டாத ஒஹாயோவுக்கும் மிச்சிகனுக்கும் உப்பைக் கொண்டுவந்தது பனிக்காலச் சாலை. உப்புக் கரைசல் பூஜ்ய டிகிரியில் உறையாது. சரியான விகிதத்தில் கலந்தால் மைனஸ் 21 டிகிரி செல்சியஸ் வரை நீராகவே இருக்கும். 1940களில் தொடங்கிய உப்புத் தூவல் போருக்குப் பின் நெடுஞ்சாலைகளோடு சேர்ந்து பரவியது. இன்று அமெரிக்கா ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் உப்பைச் சாலையில் கொட்டுகிறது. கடுங்குளிருக்கு மக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் உண்டு. வண்டிக்கு அவை இன்னும் பொல்லாதவை. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் நீர்த்துப்போகும். இவை 30-35 சதவீதத்திலேயே நீரை இழுத்துக்கொண்டு எப்போதும் பிசுபிசுவென்று இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கையான புவியியல் உண்டு. அமெரிக்க வாகனத் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட்டின் அடியில், சுமார் 350 மீட்டர் ஆழத்தில், பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதியை மூடியிருந்த கடல் வற்றி விட்டுச்சென்ற படுகை அது. மேலே டிரக் செய்தார்கள். கீழே அதைத் தின்னும் பொருளை வெட்டி எடுத்தார்கள். ஒரே ஊர் இரண்டு பக்கமும் சம்பாதித்தது.

உப்பு படிந்த வண்டியை இரவில் கதகதப்பான கராஜில் நிறுத்துவது நல்லது என்று உரிமையாளர்கள் நம்பினார்கள். ஆனால் வேதிவினை குளிரில் மந்தமாகும், சூட்டில் துள்ளும். பனி உருகி உப்புநீராக மடிப்புகளுக்குள் இறங்கும். வெளியே குளிரிலேயே விட்டிருந்தால் அந்த வண்டிகள் சில ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருக்கும். பழைய களஞ்சியத்தில் கண்டெடுத்தது என்று ஆசைகாட்டும் விளம்பரங்களையும் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன். மண்தரைக் களஞ்சியம் வெயிலையும் மழையையும் தடுக்கும், உண்மை. தரையிலிருந்து ஏறும் ஈரம் அடித்தகரத்தை நாள் முழுக்க நனைத்துக்கொண்டே இருக்கும்.

பாலைவனத்தின் கணக்கு வேறு. ஃபீனிக்ஸில் ஆண்டுச் சராசரி மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. சுத்தமான இரும்பு குறிப்பிடத்தக்க வேகத்தில் துருப்பிடிக்கக் காற்றில் ஏறத்தாழ 60 சதவீத ஈரப்பதமாவது தேவை. அங்கே பல மாதங்கள் அதற்கு வெகு கீழேயே இருக்கும். அமெரிக்க விமானப்படை தன் பழைய விமானங்களை ஆயிரக்கணக்கில் டூசான் அருகே டேவிஸ்-மாந்தன் தளத்தில் வெட்டவெளியில் நிறுத்திவைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஆனால் பாலைவனமும் சும்மா விடுவதில்லை, வெயில் வடிவில் கூலி கேட்கும். பெயின்ட் என்பது நிறத்தூளைப் பிடித்துவைத்திருக்கும் பிசின் படலம். சூரியனின் புற ஊதாக் கதிர் அந்தப் பிசினின் நீண்ட சங்கிலிகளை வெட்டிவிட, பிடிமானம் போன நிறத்தூள் சுண்ணாம்பு போல் கையில் ஒட்டும். மேல்கூரையும் பானெட்டும் முதலில் கரைந்து, அடியிலுள்ள பிரைமரும் பிறகு இரும்பும் வெளியே தெரியும். அங்கே மெல்லிய பழுப்புத் துரு படரும். ஈரம் இல்லாததால் ஆழமாகப் போகாமல் அப்படியே நின்றுவிடும். பக்கவாட்டுக் கதவுகளில் பழைய பச்சையோ நீலமோ இன்னும் இருக்கும். இந்தக் கலவைத் தோற்றத்துக்குத்தான் இன்றைய சந்தை மயங்குகிறது. கதவில் பண்ணைப் பெயரையும் குறைந்த இலக்கத் தொலைபேசி எண்ணையும் கையால் எழுதியிருந்தால் இன்னும் மவுசு. எழுத்து உதிர்ந்த பிறகும் அதன் நிழல் கதவில் படிக்கும்படி இருக்கும்: எழுத்தின் பெயின்ட் வெயிலைத் தாங்கிய இடத்தில் அடிநிறம் வெளிறாமல் தப்பித்திருக்கும்.

மவுசு வந்த இடத்தில் போலியும் வரும். புது பெயின்ட் அடித்து, அதைத் தேய்த்து, பழுப்பு நிறம் தெளித்து, முதுமையைத் தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இது சுத்த அபத்தமாகப் படுகிறது. கண்டுபிடிப்பது கடினமில்லை. உண்மையான தேய்மானம் மனித உடம்பின் அளவில் இருக்கும்: ஓட்டுநர் இடது முழங்கையை ஊன்றிய ஜன்னல் விளிம்பு, கைப்பிடியைச் சுற்றிய பட்டை, பெடல் ரப்பரின் ஒரு ஓரம். வெயில் படாத அடிப்பக்கம் வெளிறியிருந்தால் அது தூரிகையின் வேலை.

இன்னும் பெரிய ஏமாற்று பட்டியில் இருக்கிறது. துருப்பிடித்த ஓட்டையை பாலியெஸ்டர் பிசினும் டால்க் தூளும் கலந்த பட்டியால் அடைத்து, தேய்த்து, மினுமினுக்கப் பெயின்ட் அடித்துவிட்டால் புகைப்படத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. காந்தம் கண்டுபிடிக்கும். நல்ல தகட்டில் பிடிக்கும் காந்தம், கனமான பட்டியில் வழுக்கி விழும். தொழில்முறை ஆட்கள் காந்தப்புல மாற்றத்தால் படலத்தின் கனத்தை அளக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். ஆலைப் பெயின்ட் பொதுவாக நூற்றுச் சொச்சம் மைக்ரான்; ஆயிரத்தைத் தாண்டி எண் காட்டினால் உள்ளே இருப்பது இரும்பு அல்ல.

கேபினுக்கும் பின்பெட்டிக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்குமே, அதையும் கவனிக்க வேண்டும். ஏணி வடிவச் சேஸிஸ், 'சி' எழுத்து போன்ற திறந்த பக்கமுள்ள இரும்புச் சட்டங்களால் ஆனது. மேலும் கீழும் வளைவதை அது நன்றாகத் தாங்கும், முறுக்கலைத் தாங்காது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். கேபினும் பெட்டியும் தனித்தனியே அசைந்து அதற்கு இடம் கொடுக்கும். 1961-இல் ஃபோர்டு இரண்டையும் ஒரே உடலாகச் சேர்த்துப் பார்த்தது. அழகாகத்தான் இருந்தது. பாரம் ஏற்றியதும் உடல் முறுக்கிக் கதவுகள் சிக்கிக்கொள்கின்றன என்ற புகார் எழுந்தது. 1964 மாடலுக்குள் அந்த வடிவத்தைக் கைவிட்டுவிட்டார்கள். இன்று அந்த மூன்றாண்டு டிரக்குகளுக்குத் தனி ரசிகர்கள் உண்டு. மற்ற வண்டிகளில் இந்த இடைவெளி மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் சேஸிஸ் வளைந்திருக்கலாம், அல்லது கேபினைத் தாங்கும் ரப்பர்கள் நசுங்கியிருக்கலாம்.

ஓட்டுவதைப் பற்றிக் கனவு வேண்டாம். 1950 ஷெவர்லேயின் ஆறு சிலிண்டர் எஞ்சின் சுமார் 90 குதிரைத்திறன் தரும். பின் அச்சின் பல்விகிதம் பாரம் இழுப்பதற்கானது, ஆகவே நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சின் கதறும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். நீண்ட இறக்கத்தில் சூடேறினால் பிடிப்பு குறையும். பிரேக் எண்ணெய் எல்லாம் ஒரே குழாய்வழி என்பதால் ஒரு கசிவு போதும், நான்கும் போய்விடும். இன்றைய பெட்ரோலில் கலந்துவரும் எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை ஊறவைத்துக் கெடுக்கும். இவை அனைத்துக்கும் மாற்று உதிரிபாகம் கிடைக்கிறது, மாற்றவும் வேண்டும். அசல் என்ற பெயரில் அசல் பிரேக் குழாயோடு சாலைக்கு வருவது புத்திசாலித்தனம் இல்லை.

1980களுக்குப் பிறகு துத்தநாகம் பூசிய தகடுகள் பரவலாயின. துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். 2015-இல் ஃபோர்டு எஃப்-150 டிரக்கின் உடலையே அலுமினியத்துக்கு மாற்றியது. இவை துருவுக்குப் பலியாவது குறையும். ஆனால் பழைய வண்டியின் கார்பரேட்டரைத் திருப்புளியால் பிரித்துத் துடைக்கலாம். உற்பத்தி நின்றுபோன மின்னணுச் சிப்பை எந்தப் பட்டறையிலும் செய்துகொள்ள முடியாது. எழுபது ஆண்டு தாங்கும் பந்தயத்தில் 1950 ஷெவர்லே ஜெயித்த அளவுக்கு இன்றைய டிரக்குகள் ஜெயிக்கும் என்று நான் நம்பவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் வாசகர் யாராவது இப்படி ஒரு வண்டியைப் பார்க்கப் போனால், பானெட்டைத் திறப்பதற்கு முன் ஒரு பழைய துணியை விரித்துக் கீழே படுத்துப் பாருங்கள். எஞ்சின் போயிருந்தால் பேரம் பேசுங்கள். சேஸிஸும் கேபின் மூலைகளும் போயிருந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.