ஒளியால் எழுதிய கை: ஒளிப்பதிவாளர் பில்லி பிட்சர்

முன்னுரை

திரைப்படம் பேசத் தொடங்குவதற்கு முன், ஒளியும் நிழலுமே அதன் மொழியாக விளங்கின. அம்மொழிக்கு இலக்கணம் வகுத்தோருள் குறிப்பிடத்தக்கவர் அமெரிக்க ஒளிப்பதிவாளர் பில்லி பிட்சர் (1872-1944). இயக்குநர் கிரிஃபித்தை அறிந்தோர் பலர். அவருக்குக் கண்ணாக விளங்கிய பிட்சரை அறிந்தோர் சிலரே. தொழில்திறன் எதற்குத் துணைநிற்க வேண்டும் என்னும் வினாவை அவர்தம் கலைவாழ்வு எழுப்புகிறது.

தொழிலில் தொடக்கம்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ராக்ஸ்பரியில், ஜெர்மனியிலிருந்து குடியேறியோர் குடும்பத்தில் பிறந்த பிட்சர், வெள்ளி வேலை பயின்றவர். 1890களில், பின்னாளில் 'பயோகிராஃப்' எனப் புகழ்பெற்ற நிறுவனத்தில் சேர்ந்தார். 1899இல் கோனி ஐலண்டில் நடைபெற்ற ஜெஃப்ரீஸ்-ஷார்க்கி குத்துச்சண்டையை மின்விளக்கொளியில் படமாக்கிய குழுவில் அவரும் இருந்தார். பகலொளியையே நம்பியிருந்த அக்காலத்தில் இஃது அரிய முயற்சியாகும்.

கையும் கருவியும்

1908இல் கிரிஃபித் இயக்குநரானார். தொடர்ந்துவந்த ஆண்டுகளில் அவர் இயக்கிய நூற்றுக்கணக்கான குறும்படங்களுள் பெரும்பாலானவற்றைப் பிட்சரே படமாக்கினார். அந்நாளில் படக்கருவியைக் கையால் சுழற்ற வேண்டும். நொடிக்கு இரு சுற்று. அதற்குள் ஏறத்தாழ 16 படங்கள் பதிவாகும். கை தளர்ந்தால் திரையில் நடை விரையும். கை விரைந்தால் நடை தளரும். நடிப்பைக் கண் நோக்க, கை மட்டும் தாளம் தவறாது இயங்க வேண்டும்.

1909இல் வெளிவந்த 'எ டிரங்கர்ட்ஸ் ரிஃபர்மேஷன்' படத்தின் இறுதியில், கணப்படுப்பின் தீயொளி மட்டுமே குடும்பத்தினர் மீது படர்வதுபோல் ஒளியமைத்தார். மனம் திருந்திய குடிகாரனின் இல்லத்து அமைதியை அவ்வொளியே உணர்த்தியது. காட்சியைச் சுற்றிலும் இருளாக்கி, ஒரு வட்டத்துள் முகத்தை மட்டும் காட்டும் உத்தியும் அவர் கையில் சிறந்தது. பார்வையாளர் எதைக் காண வேண்டும் என்பதைச் சொல்லின்றியே அது சுட்டியது.

திறனும் அறமும்

1915இல் வெளியான 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' பிட்சருக்குப் பெரும்புகழ் தந்தது. தம் சேமிப்பையும் அவர் அப்படத்தில் முதலீடு செய்திருந்தார். ஆயின், அது கறுப்பின மக்களை இழிவுபடுத்தி, கூ க்ளக்ஸ் கிளான் என்னும் வன்முறைக் கூட்டத்தை வீரர் குழுவாகப் போற்றியது. நிறமக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கம் கடுமையாக எதிர்த்தது. அழிந்துபோயிருந்த அக்கூட்டம் அதே ஆண்டில் புத்துயிர் பெற்றது. மோசமாகப் படமாக்கப்பட்ட அவதூறு விரைவில் மறக்கப்பட்டிருக்கும். அழகாகப் படமாக்கப்பட்டதாலேயே அது வரலாறெனப் பலராலும் நம்பப்பட்டது. இதில் ஒளிப்பதிவாளருக்குப் பங்கில்லை எனக் கூறவியலாது.

அதே கை 1916இல் 'இன்டாலரன்ஸ்' படத்தையும் உருவாக்கியது. நான்கு காலங்களில் சகிப்பின்மை விளைத்த துயரை அது காட்டியது. பாபிலோனின் பெருமண்டபத்தை நோக்கி மேலிருந்து இறங்கியவாறே நெருங்கும் காட்சிக்கென, தண்டவாளத்தில் நகரும் உயர்ந்த கோபுரம் ஒன்று கட்டப்பட்டது.

இறுதிக்காலம்

1920களில் கிரிஃபித்திடம் பிட்சரின் இடத்தைப் பிறர் பெற்றனர். பேசும்பட வரவிற்குப்பின் அவர்தம் புகழ் மங்கியது. 1944இல் அவர் மறைந்தார். அவரது தன்வரலாறு 1973இல்தான் நூலாயிற்று.

நிறைவுரை

படக்கருவி பொய்யையும் மெய்யையும் ஒரே தெளிவுடன் பதியவல்லது. எனவே, காட்சியின் அழகில் மனம் தோய்கையில், 'இஃது உண்மையா? யாரை உயர்த்துகிறது? யாரைத் தாழ்த்துகிறது?' என வினவுதல் வேண்டும். கலையைக் கற்கும் மாணவர்க்குப் பிட்சரின் வாழ்வு தரும் பாடம் இதுவே எனலாம்.